கடல் காற்றாலை: அடியில் மண் போனால் மேலே என்ன ஆகும்?

காட்பாடியில் என்னிடம் பயிற்சிக்கு வரும் சிவில் மாணவர்களிடம் கடல் காற்றாலைக்கு அடித்தளம் டிசைன் செய்யச் சொன்னால், முதலில் எடையைத்தான் கணக்குப் போடுகிறார்கள். அங்கே எடை பெரிய பிரச்சினையே இல்லை. காற்றும் அலையும் பக்கவாட்டில் தள்ளுவதும், அதனால் வரும் ஆட்டமும்தான் பிரச்சினை.

நிமிடத்துக்கு 10 சுற்று சுற்றும் டர்பைனுக்கு ஒரு சுற்று 6 விநாடி. இறக்கைகள் மூன்று என்பதால், 2 விநாடிக்கு ஒருமுறை ஓர் இறக்கை கோபுரத்தைக் கடக்கும். பெரிய அலைகள் சுமார் 10 விநாடிக்கு ஒன்று வரும். கோபுரம் தானாக ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம் இவை எதோடும் ஒத்துப்போகக் கூடாது. ஒத்துப்போனால், ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளுவது போல ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். அதனால் அந்த ஆட்ட நேரத்தை 3, 4 விநாடி அளவிலேயே வைத்திருக்கப் பார்ப்போம்.

அந்த 3, 4 விநாடியைக் காப்பாற்றுவது மண். கோபுரத்தைத் தாங்க கடலடி மண்ணில் இறக்கும் ஒற்றை எஃகுக் குழாய்தான் மோனோபைல். 8 மீட்டர் விட்டமுள்ள மோனோபைலைச் சுற்றி நீரோட்டம் சுழன்று மணலைப் பறிக்கும். விட்டத்தைப் போல 1.3 மடங்கு, அதாவது 10 மீட்டருக்கு மேல் பள்ளம் விழலாம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பள்ளம் விழ விழ ஆட்டம் மெதுவாகி அந்த 6 விநாடியை நெருங்கும். 25 வருடத்தில் 10 கோடி முறைக்கு மேல் ஆடப்போகிற குழாய் அது. வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும், ஒவ்வொரு ஆட்டத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறக்கும்.

சரி, கல்லைக் கொட்டினால் போதாதா? டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் 1 காற்றாலையில் கொட்டிய கற்களே கீழே இறங்கியிருந்ததை 2005 ஆய்வில் கண்டார்கள். கல் இடுக்குகளின் வழியே அடியிலிருந்த மணல் வெளியேறியிருந்தது. பொடிக்கல் அடுக்கைச் சரியாகப் போட்டு அதன்மேல்தான் பெரிய கல் போட வேண்டும்.

2021 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, திருவலம் பக்கம் பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு ரயில்களை நிறுத்தியது நமக்கு நினைவிருக்கும். ஆற்றில் தண்ணீர் வடிந்ததும் தூணின் அடியைப் போய்ப் பார்க்கலாம். கடலில் அது நடக்காது, ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் சோனார் கருவி வைத்து அளந்தால்தான் தெரியும்.

தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட்டுக்கான மானியத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்துவிட்டது. வேலூர் மாணவர்களும் ராணிப்பேட்டை வெல்டர்களும் இந்த வேலைக்குப் போக வாய்ப்பிருக்கிறது. போனால், அரிப்புப் பள்ளத்தை எவ்வளவு ஆழம் எடுத்தீர்கள், அந்த ஆழத்தில் ஆட்ட நேரம் எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். அப்புறம், ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் சோனார் அளவெடுக்கும் செலவை பட்ஜெட்டில் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.