குடும்பச் சூழ்நிலை காரணமாக

"குடும்பச் சூழ்நிலை காரணமாக, எனக்கு வழங்கப்பட்ட பதவி உயர்வை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன்."

கடிதம் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் சொன்னால் இப்படி. பொதுத்துறை வங்கி ஒன்றின் மனிதவளப் பிரிவில் இருந்த காலத்தில் இதை எத்தனை முறை கோப்பில் சேர்த்தேன் என்று கணக்கில்லை. எழுதுகிறவர் அநேகமாகப் பெண். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். வீட்டில் பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ.

வங்கியில் பெண்களுக்கு என்ன தடை என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தேர்வு எழுதிச் சேருகிறோம், சம்பளத்தில் ஆண் பெண் பேதமில்லை. 2000-லேயே ரஞ்சனா குமார் இந்தியன் வங்கியின் தலைமைக்கு வந்து, நஷ்டத்தில் கிடந்த வங்கியைக் கரையேற்றினார். 2013-ல் ஸ்டேட் வங்கிக்கு அருந்ததி பட்டாச்சார்யா தலைவரானார். ஆனால் எங்கள் மண்டல அலுவலகத்தில் கிளை மேலாளர்கள் கூட்டம் நடக்கும்போது பெண்களை எண்ண இரண்டு கை விரல்களே அதிகம்.

உதவி மேலாளரான ஸ்கேல் 1-லிருந்து பொது மேலாளரான ஸ்கேல் 7 வரை ஏழு படிகள். முதல் மூன்றில் பெண்கள் ஏறிவிடுகிறார்கள். நான்காவதில், அதாவது சீஃப் மேனேஜர் நேர்முகத்தில்தான் தடுக்கும். அங்கே சுற்றிச் சுற்றிக் கேட்பது மூன்றுதான்: கிளை நடத்தியிருக்கிறீர்களா? கிரெடிட், அதாவது கடன் கொடுக்கும் பிரிவு, பார்த்திருக்கிறீர்களா? வாராக்கடன் வசூலுக்குப் போயிருக்கிறீர்களா? பத்து வருடம் மண்டல அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர் என்ன சொல்வார்?

அந்தப் பத்து வருடம் எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவள். மாறுதல் பட்டியல் தயாராகும் அறை அது. ஒரு கிராமத்துக் கிளைக்கு மேலாளர் வேண்டும். ஒரு பெண் அதிகாரியின் பெயர் வந்தது.

"பாவம் சார், ரெண்டும் சின்னப் பிள்ளைங்க. அந்தக் கிளையில பாத்ரூம் வேற சரியில்ல. இங்கயே இருக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். அந்தப் பெண் பக்கத்துத் தளத்தில் இருந்தார். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாத்ரூமைச் சரிசெய்யலாமே என்று யாருக்கும் தோன்றவுமில்லை. அவருக்கு இரக்கம் காட்டிய நிம்மதியோடு கலைந்தோம். ஆறேழு வருடம் கழித்து அதே மனிதர்களில் ஒருவர் நேர்முகக் குழுவில் உட்கார்ந்து, "ரூரல் பிராஞ்ச் அனுபவமே இல்லையேம்மா" என்றார்.

திட்டுகிற மேலதிகாரியைப் பற்றிப் புகார் கொடுக்கலாம். இந்த அனுசரணை மீது யாரிடம் புகார் கொடுப்பது?

விதிகள் இல்லாமல் இல்லை. மணமான பெண் ஊழியர்களைக் கூடியவரை கணவர் இருக்கும் ஊரிலோ அருகிலோ அமர்த்துமாறு 2014-ல் மத்திய நிதியமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. பலர் அதனால் பிழைத்தார்கள். ஆனால் உயர்வு என்று வந்தால் கையோடு வெளியூர் ஆணையும் வரும்; திரும்பி வர விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே வங்கியில் இருந்து இருவருக்கும் ஒரே வருடம் உயர்வு வந்தால், மறுப்புக் கடிதம் யார் எழுதுவது என்று வீட்டில் விவாதமே நடப்பதில்லை.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தால் சட்டப்படியான பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. சட்டம் விடுப்பைக் கொடுத்தது. அந்த வருட மதிப்பீட்டுப் படிவத்தில் "பாதி வருஷம்தானே இருந்தாங்க" என்று மதிப்பெண்ணைக் குறைக்கும் கையை அது பிடிக்கவில்லை.

புதிதாகச் சேரும் பெண் அதிகாரிகளிடம் நான் சொல்வது கொஞ்சம் கறாராக இருக்கும். கிராமப்புறச் சேவையை முடிந்தால் முதல் ஐந்து வருடத்துக்குள் முடியுங்கள். கிரெடிட் பிரிவு வேண்டும் என்று வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டில் குறைத்திருந்தால் மேல்முறையீடு செய்யச் சங்கடப்படாதீர்கள். மறுப்புக் கடிதத்துக்கு முன்னால் அவகாசம் கேட்டுப் பாருங்கள். சில வங்கிகளில் ஒருமுறை மறுத்தால் அடுத்த சில வருடம் வாய்ப்பே கிடையாது.

என் பணியின் கடைசி வருடத்தில் ஓர் அதிகாரி இதே வாக்கியத்தோடு வந்தார். கடிதத்தை வாங்கவில்லை. "பையனுக்கு எப்போ பரீட்சை?" என்று கேட்டேன்.

"மார்ச்ல பிளஸ் டூ, மேடம்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் அவன் ஹாஸ்டல் போயிடுவான்."

"அப்ப ஜூன்ல சேர்றேன்னு எழுதுங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அப்படி எழுதலாமா மேடம்?"

பத்தொன்பது வருட சர்வீஸ் அவருக்கு.