பயிற்சி முடித்தவர்களை யாரோடு ஒப்பிடுகிறோம்?

திறன் பயிற்சித் திட்டங்களை மதிப்பிடுவது என் தொழில். என் மேசைக்கு வரும் அறிக்கைகளின் முதல் பக்கத்தில், பயிற்சி முடித்தவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு வேலை கிடைத்தது என்ற எண் தடித்த எழுத்தில் இருக்கும். நான் முதலில் பின்னிணைப்பைத்தான் புரட்டுவேன். ஒருமுறை அப்படிப் புரட்டியபோது, 'பணியில் சேர்ந்தார்' என்ற குறிப்புக்கு நேரே சேர்ந்த தேதி மட்டுமே இருந்தது. மூன்றாம் மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டபோதுதான், அவர்களில் பலர் அதற்குள் வேலையை விட்டுவிட்டது தெரிந்தது. யாரும் பொய் எழுதவில்லை. எந்த நாளில் எண்ணுவது என்பதைத் தங்களுக்குச் சாதகமாக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. பயிற்சியில் சேர்வோரில் பெரும்பாலோர் அதற்குச் சற்று முன்புதான் வேலையை இழந்தவர்களாகவோ வருமானம் சரிந்தவர்களாகவோ இருப்பார்கள். அத்தகைய சரிவு பலருக்குப் பயிற்சி இல்லாமலேயே ஓரளவு தானாக நிமிர்ந்துவிடும் என்பதால், ஒருவரின் முந்தைய, பிந்தைய வருமானங்களை மட்டும் ஒப்பிட்டால் அந்த இயல்பான மீட்சியும் பயிற்சியின் கணக்கில் சேர்ந்துவிடும். பொருளாதார அறிஞர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் 1978-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இந்தச் சரிவைச் சுட்டிக்காட்டினார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அவசரப்பட்டு அளப்பதும் தவறு. டேவிட் கார்டு, யோகன் க்ளூவே, ஆண்ட்ரியா வெபர் மூவரும் இருநூறுக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய வேலைவாய்ப்புத் திட்டங்களின் சராசரிப் பயன் முதல் ஆண்டில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே அது தெளிவாகத் தெரிகிறது. வகுப்பில் இருப்பவர் அந்நேரத்தில் வேலை தேடமாட்டார் என்பது அதற்கு ஒரு காரணம்.

குறைந்தபட்ச ஊதிய ஆய்விலும், யாரோடு ஒப்பிடுவது என்ற இதே சிக்கல்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, கார்டும் ஆலன் க்ரூகரும் அங்கும், ஊதியம் மாறாத அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியிலும் 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்து, வேலைவாய்ப்பு குறையவில்லை என்று 1994-இல் எழுதினார்கள். சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு இதை மறுத்தவர்களும் உண்டு. ஆட்களை எண்ணுவதா, வேலை நேரத்தை எண்ணுவதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆள் குறையாமல் வேலை மணி மட்டும் குறைந்தாலும் தொழிலாளியின் கைக்கு வரும் தொகை மாறும் என்பதால், இரண்டையும் பார்க்காத அறிக்கையை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை. ஆனாலும் எல்லைக்கு அப்பாலிருந்த உணவகங்களை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட அந்த யோசனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பயிற்சித் திட்டங்களுக்கும் அப்படியோர் எல்லைக்கோடு பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்களின் பட்டியல். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்து, குலுக்கல் முறையில் தேர்வு நடந்திருந்தால், அதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைப்பது அரிது. ஆனால் சேர்க்கை முடிந்த மறுவாரமே அந்த விண்ணப்பங்கள் பழைய காகிதக் கட்டோடு போய்விடுகின்றன. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நான் கேட்பது, அந்தப் பட்டியலை மூன்று ஆண்டுகள் பாதுகாப்போம் என்ற ஒரு வரியை மட்டுமே.