ஜப்பானில் வாடகை வீடு: ஷிகிகின் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை

ஜப்பானில் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பதை மறப்பதில்லை. பலரும் கவனிக்காமல் விடுவது ஷிகிகின் எனப்படும் முன்பணம் பற்றிய விதியை. பெரும்பாலும் ஒன்றிரண்டு மாத வாடகை அளவுக்கு அதைக் கொடுக்கிறோம். காலி செய்யும்போது சுவர்த்தாள் மாற்றினோம், தரையைச் சரிசெய்தோம் என்று மொத்தத்தையும் கழித்துக்கொண்டு ஒரு பில் வந்தால், இங்கே இதுதான் வழக்கம் போல என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டியதே இல்லை.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தப்பட்ட சிவில் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சாதாரணமாகக் குடியிருந்ததால் வந்த தேய்மானத்தையும் காலப்போக்கில் வந்த பழமையையும் சரிசெய்வது வாடகைதாரரின் பொறுப்பு ஆகாது. பாக்கி வாடகை, நாம் உண்டாக்கிய சேதம் இவற்றைக் கழித்து மீதி ஷிகிகினை உரிமையாளர் திருப்பித்தர வேண்டும். குடிபோகும்போது உரிமையாளருக்கு நன்றிப் பணமாகக் கொடுக்கும் ரெய்கின் மட்டும் வேறு கணக்கு. அது உரிமையாளருக்கே போய்ச் சேரும், திரும்பாது.

எது தேய்மானம், எது சேதம் என்பதற்கு நிலம், உள்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சகத்தின் வழிகாட்டி இருக்கிறது. வெயிலில் நிறம் மங்கிய சுவர், கட்டிலும் பீரோவும் தரையில் பதித்த தடம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் படிந்த கறுப்பு, காலண்டர் மாட்டிய குண்டூசி ஓட்டை எல்லாம் உரிமையாளர் செலவு. ஆணி, ஸ்க்ரூ அடித்த ஆழமான ஓட்டையும் சிகரெட் கறையும் நம் செலவு. நம் சமையலுக்கு முக்கியமான ஒன்று: அடுப்பைச் சுற்றிய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் விட்டு அது ஊறிப்போனால் பராமரிப்புக் குறை என்று நம் தலையில்தான் விழும். தாளித்து முடித்த கையோடு துடைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஜன்னலில் வேர்க்கும் நீரை அப்படியே விட்டுப் பூஞ்சை பிடித்தாலும் அதே கதி.

சேதம் நம்முடையதே என்றாலும் புதுச் சுவர்த்தாளின் முழு விலையைக் கேட்க முடியாது. சுவர்த்தாளின் மதிப்பு 6 ஆண்டில் ஒரு யென்னாகக் குறைவதாகக் கணக்கு. புதிதாக ஒட்டியதை 3 ஆண்டு கழித்துக் கிழித்திருந்தால் பாதி அளவுதான் நம் பங்கு. இந்த வழிகாட்டி சட்டம் இல்லைதான். ஆனாலும் தகராறு வந்தால் எல்லோரும் எடுத்துப் பார்ப்பது இதைத்தான்.

ஒப்பந்தத்தில் சிறப்பு நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். காலி செய்யும்போது சுத்தம் செய்யும் செலவு இத்தனை யென் என்று தெளிவாக எழுதி நாம் ஒப்புக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அது செல்லும். சாதாரணத் தேய்மானத்தை வாடகைதாரர் தலையில் வைப்பதானால் அது எதுவரை என்பது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று 2005இல் ஜப்பான் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

சரி, இதையெல்லாம் எப்படி நிரூபிப்பது? சாமான் இறக்குவதற்கு முன், வெறும் வீடாக இருக்கும்போதே ஒவ்வொரு அறையையும் தேதியோடு படம் எடுங்கள். கீறல், கறை, ஓட்டை இருந்தால் கிட்டத்தில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று. வீட்டு நிலவரப் பட்டியல் கொடுத்தால் நிரப்பிக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் படங்களை நிர்வாக நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்குக் காசு கேட்டால் இதுதான் பதில்.

காலி செய்யும் நாளில் வீட்டைப் பார்க்க வருபவர் ஒரு தாளை நீட்டுவார். தொகை சரி என்று படாவிட்டால் கையெழுத்துப் போடாமல், இனவாரியான கணக்கை எழுத்தில் கேளுங்கள். பேசித் தீராவிட்டால் 188க்கு அழைத்தால் உள்ளூர் நுகர்வோர் மையத்துக்கு இணைப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால், 6 லட்சம் யென் வரையிலான பணத் தகராறுகளைப் பொதுவாக ஒரே விசாரணையில் முடிக்கும் சிறு வழக்கு முறை இருக்கிறது.

ஜப்பானை விட்டே கிளம்புகிறவர்கள் திரும்பி வரும் பணத்தை எந்தக் கணக்கில் போடுவது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கு அப்புறம் வங்கிக் கணக்கை மூடுங்கள்.