அழாத பிள்ளைக்கும் வலிக்கும்

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா மகனுக்கு எட்டு வயதில் வேலூரில் காது ஆபரேஷன் நடந்தது. மூன்று வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த காது. செவிப்பறையில் இருந்த ஓட்டையை அடைத்தார்கள். காலையில் உள்ளே போனவன் மதியம் தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டோடு வார்டுக்கு வந்தான். சாயங்காலம் பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: "எவ்ளோ சமர்த்தா படுத்திருக்கான் பாரு!" அழவில்லை, முனகவில்லை. கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தான். வலி இல்லை போலிருக்கிறது என்று நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

இரவு எட்டு மணிக்கு வந்த நர்ஸ் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். அவன் வாங்கவில்லை. "வாயைத் திற கண்ணு" என்றார். பாதி திறந்து நிறுத்திக்கொண்டான். ஆறு முகங்கள் வரைந்த ஓர் அட்டையைக் காட்டி, "இப்ப உனக்கு எந்த மூஞ்சி மாதிரி இருக்கு?" என்று கேட்டார். ஐந்தாவது முகத்தில் விரலை வைத்தான். பத்துக்கு எட்டு வலி அது. அசைந்தால் வலிக்கும் என்பதால்தான் பிள்ளை அசையாமல் கிடந்திருக்கிறான்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். பசிக்கு அது சரி. ஆபரேஷன் முடிந்த பிள்ளைக்கு அழுகை வரும்வரை காத்திருந்து மருந்து கொடுத்தால், மருந்து பின்னால் போகும், வலி முன்னால் ஓடும். ஏன் அப்படி என்பது புரிய, வலி உடம்புக்குள் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

கத்தி பட்ட இடத்தில் செல்கள் உடைகின்றன. அவற்றிலிருந்து பல ரசாயனங்கள் வெளியே கசிகின்றன. அவற்றில் முக்கியமானது புரோஸ்டாகிளாண்டின். அருகிலிருக்கும் நரம்பு முனைகளைச் சின்னத் தூண்டுதலுக்கும் பொறுக்காதபடி ஆக்கிவிடுவது அதன் வேலை. கொதிக்கும் எண்ணெய் தெறித்த கையில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலும் சுரீரென்று எரியும் இல்லையா, அதுதான். தண்ணீரின் சூடு மாறவில்லை, நரம்பின் பொறுமை குறைந்துவிட்டது. அங்கிருந்து செய்தி இரண்டு வகை நரம்பிழைகளில் போகிறது. மெல்லிய உறை போர்த்திய இழைகளில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். உறையில்லாத இழைகளில் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான். கால் கட்டைவிரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் முதலில் 'சுள்' என்று ஒன்றும், சற்று நேரத்தில் கனத்துப் பரவும் வலி ஒன்றும் தனித்தனியாக வருவது இதனால்தான்.

செய்தி மேலே போகும் வழியில், தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் கை மாறுகிறது. அங்கே இருக்கும் நரம்புசெல்கள் திரும்பத் திரும்பத் தட்டப்பட்டால் கூச்சம் பிடித்தவை போல் ஆகிவிடுகின்றன. முதலில் பத்துத் தட்டலுக்கு எழுந்தவை பிறகு இரண்டு தட்டலுக்கே எழும். இந்த நிலை வந்துவிட்டால் அதே அளவு மருந்துக்கு வலி அடங்குவது கடினம். வலி ஏறிய பிறகு இறக்குவதை விட, ஏற விடாமல் பிடிப்பது சுலபம்.

காது சின்ன உறுப்புதான், ஆனால் அதற்கு உணர்வு தரும் நரம்புகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். காதின் பின்பக்கத்துக்குக் கழுத்திலிருந்து ஏறிவரும் நரம்பு. முன்பக்கத்துக்கும் செவிப்பறையின் வெளிப்புறத்துக்கும் முகத்தின் உணர்வு நரம்பிலிருந்து, அதாவது ஐந்தாம் மூளை நரம்பிலிருந்து, ஒரு கிளை. செவிப்பறையின் உள்பக்கத்துக்குத் தொண்டைக்குப் போகும் ஒன்பதாம் நரம்பு. காதுக் குழாயின் ஒரு பகுதிக்குப் பத்தாம் நரம்பு. இந்தப் பத்தாம் நரம்புதான் தொண்டை, இதயம், இரைப்பை வரைக்கும் இறங்குகிறது. காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருவது இதன் வேலை. கடைவாய்ப் பல் சொத்தையானால் காது வலிப்பதும் இந்தக் கம்பிகள் மேலே ஒரே இடத்தில் கலப்பதால்தான்.

காது ஆபரேஷன் ஆன பிள்ளைகளில் பலர் வலியை விட அதிகமாக வாந்தியால் அவதிப்படுவதற்கும், இரைப்பை வரை இறங்கும் இந்தப் பத்தாம் நரம்பில் பாதி விளக்கம் இருக்கிறது. மீதி விளக்கம், உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பு உள்காதில், அறுவை நடந்த இடத்தை ஒட்டியே இருப்பது. குமட்டி ஓங்கரிக்கும்போது தலைக்குள் அழுத்தம் ஏறி, தைத்த இடம் விண்ணென்று தெறிக்கும். ஆகவே மயக்க மருத்துவர்கள் வாந்தித் தடுப்பு மருந்தைப் பெரும்பாலும் ஆபரேஷன் நடக்கும்போதே கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் வலி நிவாரணத்தில் சேர்த்திதான்.

சரி, காதில் ஆபரேஷன் செய்தால் வாயைத் திறக்க ஏன் வலிக்கிறது? ஓட்டையை அடைக்க ஒரு மெல்லிய சவ்வு வேண்டும். அதை அநேகமாகக் காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுப் பக்கம் இருக்கும் தசையின் மேலுறையிலிருந்து எடுப்பார்கள். கையைப் பொட்டில் வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள், புடைக்கும் தசை அதுதான். மெல்லுவதற்கான தசை. பிள்ளை சாப்பாடு வேண்டாம் என்றால் அடம் பிடிக்கிறான் என்று நினைக்க வேண்டாம். குழைந்த ரசம் சாதம், கஞ்சி, பாலில் ஊறிய இட்லி கொடுத்தால் சாப்பிடுவான்.

வேலூரில் இருந்துகொண்டு வலியைப் பற்றிப் பேசும்போது டாக்டர் பால் பிராண்டை நினைக்காமல் இருக்க முடியாது. கொல்லிமலையில் பிறந்தவர், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தவர். அப்போது வட ஆற்காட்டில் தொழுநோய் மிக அதிகம். தொழுநோய்க் கிருமி விரல்களைத் தின்றுவிடுகிறது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். கிருமி நரம்பைக் கெடுத்து வலியைப் போக்கிவிடுகிறது, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் மனிதர்கள் தாமே அறியாமல் விரல்களை இழக்கிறார்கள் என்பதை எடுத்துக் காட்டியவர் அவர். வலி ஒரு காவல்காரன் என்பதை இந்த மண்ணில் இவ்வளவு தெளிவாக எடுத்துக் காட்டினார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இதை வைத்து "வலி நல்லதுதான், பிள்ளை தாங்கட்டும்" என்று சிலர் சொல்லும்போது மனம் ஒப்பவில்லை. திருடன் வந்தால் காவல்காரன் கத்த வேண்டும். கத்தியோடு வந்தவர் மருத்துவர் என்று வீட்டுக்கே தெரிந்திருக்கும்போது, அவன் விடிய விடியக் கத்திக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன லாபம்? வலியில் கிடக்கும் பிள்ளை தூங்காது, தண்ணீர் குடிக்காது, அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே மிரளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980-கள் வரை பச்சிளங்குழந்தைகளுக்கு வலி சரியாகத் தெரியாது என்று மருத்துவ உலகமே நம்பியிருந்தது. தசையைத் தளர்த்தும் மருந்தும் லேசான மயக்க வாயுவும் மட்டும் கொடுத்து அறுவை செய்த இடங்கள் உண்டு. இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடைய சகாக்களும் 1987-ல் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. வலுவான வலி மருந்து சேர்த்துக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் உடம்பில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவாகவே ஏறின, பிறகு வந்த சிக்கல்களும் குறைவு. சொல்லத் தெரியாத பிள்ளைக்கும் வலி உண்டு என்று மருத்துவம் ஒப்புக்கொண்டு இன்னும் அரை நூற்றாண்டு கூட ஆகவில்லை.

அந்த முக அட்டை இதன் தொடர்ச்சிதான். நாலைந்து வயதுப் பிள்ளையே முகத்தைத் தொட்டுக் காட்டிவிடும். வேலூர் ஆஸ்பத்திரிகளுக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எத்தனை குடும்பங்கள் வந்து லாட்ஜில் தங்குகின்றன! அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது, பல நர்ஸ்களுக்கு வங்காளம் தெரியாது. முகம் இரண்டு பேருக்கும் தெரியும். அதை விடச் சின்னக் குழந்தை என்றால் முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தூக்கி வைத்தால் சமாதானம் ஆகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். மயக்கம் தெளியும்போது பத்து இருபது நிமிடம் கண்ணைச் சொருகிக்கொண்டு கத்தி உதைக்கும் பிள்ளைகளும் உண்டு. பெற்றவர்களைப் பதற வைக்கும் காட்சி, ஆனால் அது பல நேரம் வலியால் வருவதில்லை. மயக்க வாயு மூளையை விட்டு இறங்கும்போது வரும் குழப்பம், தானாக அடங்கும்.

இப்போது அந்த முதல் இரவுக்கு வருவோம். மயக்கத்தில் இருக்கும்போதே மருத்துவர்கள் காதைச் சுற்றி மரப்பு ஊசி போடுவது வழக்கம். நரம்பிழைக்குள் சோடியம் நுழையும் வாசலை அது அடைத்துவிடும். வாசல் அடைத்தால் செய்தி கிளம்பாது. லிக்னோகெய்ன் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம், புபிவகெய்ன் என்றால் நான்கு முதல் எட்டு மணி நேரம் வரை தாங்கும். காலையில் ஆபரேஷன் என்றால் மரப்பு விடுவது மதியத்திலிருந்து இரவுக்குள். பார்க்க வந்தவர்கள் கிளம்பி, விளக்கை அணைத்து, பிள்ளையும் அம்மாவும் தனியாக இருக்கும் நேரத்தில் வலி மொத்தமாக வந்து இறங்கும். மரப்பு விடுவதற்கு முன்பே அடுத்த மருந்து வயிற்றுக்குள் போய் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். எங்கள் பையன் விஷயத்தில் நாங்கள் தவறவிட்டது இதைத்தான். "வலிச்சா சொல்லு" என்று அவனிடமே விட்டுவிட்டோம். அவன் ஊசிக்குப் பயந்து சொல்லவே இல்லை.

அடுத்த மருந்து என்றால் பெரும்பாலும் பாராசிட்டமால். மூளையிலும் தண்டுவடத்திலும் அதன் வேலை அதிகம். கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணிக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. முதல் இரண்டு நாளும் அழுகையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான் முறை. மருத்துவர் அனுமதித்தால் ஐபுப்ரோஃபெனும் சேரும். அது புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1971-ல் காட்டினார், 1982-ல் நோபல் பரிசு பெற்றார். இரண்டும் வேறு வேறு இடத்தில் பிடிப்பதால் சேர்ந்து கொடுத்தால் பலன் கூடும். ஆனால் வாந்தி எடுத்துத் தண்ணீர் வற்றிய பிள்ளைக்கு, அதுவும் வேலூர் வெயிலில், ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்தைச் சோதிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

பாராசிட்டமால் சிரப்பில்தான் பெரிய குழப்பம் வருகிறது. எங்கள் பையன் 20 கிலோ, ஆக ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம். 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள பாட்டில் என்றால் 12.5 மில்லி. 5 மில்லிக்கு 250 உள்ளது என்றால் 6 மில்லி. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து 1 மில்லிக்கே 100, அதில் 3 மில்லி போதும். மூன்றிலும் மேலே எழுதியிருக்கும் பெயர் பாராசிட்டமால்தான். பாட்டில் மாறி அளவு மாறாவிட்டால், ஒன்று வலி தீராது, இல்லையென்றால் கல்லீரல் கெடும். கல்லீரல் இந்த மருந்தை உடைக்கும்போது ஒரு நச்சுப்பொருள் கொஞ்சம் உண்டாகிறது. அதைச் செயலிழக்கச் செய்ய இருக்கும் சேமிப்பு தீர்ந்துபோனால் கல்லீரல் செல்களே சாகும். சாப்பிடாத பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு இன்னும் குறைவு. சமையலறை ஸ்பூனை விட்டுவிட்டு மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சளிக்கோ காய்ச்சலுக்கோ கொடுக்கும் வேறு சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். நிமெசுலைடு என்ற வலி மருந்து 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தியாவில் 2011-லேயே தடை செய்யப்பட்டது. கோடீன் என்ற இன்னொரு வலி மருந்து சில பிள்ளைகளின் கல்லீரலில் அதிவேகமாக மார்ஃபினாக மாறி மூச்சையே அடக்கிவிடும்.

மருந்தில்லாத வைத்தியமும் உண்டு, அதற்கும் அறிவியல் உண்டு. 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பது போன்ற கோட்பாட்டைச் சொன்னார்கள். தொடுதலின் செய்தி உள்ளே போனால் வலியின் செய்திக்குக் கதவு கொஞ்சம் சாத்தும். இடித்த இடத்தை நாம் தேய்ப்பது அதனால்தான். மூளையிலிருந்தும் கீழே உத்தரவு வரும். மனம் கதையிலோ விளையாட்டிலோ இருந்தால் கதவு இறுகும், பயந்தால் அகலத் திறக்கும். "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனால், கண் விழித்த நொடியில் பிள்ளைக்கு நம் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும், பயம் ஏறும். "கொஞ்சம் வலிக்கும், சொன்னா மருந்து தருவாங்க, அது ஊசி இல்ல" என்று முதல் நாளே சொல்லியிருந்தால் எங்கள் பையன் சொல்லியிருப்பான். தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்து உயர்த்தினால் ரத்தம் தேங்குவது குறைந்து விண்விண் என்று தெறிப்பதும் குறையும். சில சமயம் வலிப்பது காதே இல்லை, இறுக்கிக் கட்டிய கட்டுதான். நர்ஸிடம் சொன்னால் பார்ப்பார், நாமே அவிழ்க்கக் கூடாது.

எங்கள் பக்கத்துப் பாட்டிகளுக்குக் காது வலி என்றால் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய்தான். அன்பினால் செய்வது, ஆனால் ஒட்டவைத்த சவ்வு பிடிப்பதற்குள் எண்ணெயோ தண்ணீரோ உள்ளே போனால் கிருமி சேரும், ஆபரேஷனே வீணாகும். எண்ணெய்க் குளியலும் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். மூக்கைப் பலமாகச் சிந்தினாலும் காற்று உள்ளிருந்து சவ்வைத் தள்ளும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள்.

நாள் ஆக ஆக வலி குறைய வேண்டும். மூன்றாம் நாளுக்கு மேல் கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, தலை சுற்றி நடக்க முடியாவிட்டாலோ உடனே திரும்பக் கூட்டிப்போக வேண்டும். சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணினால் விடியும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம். முக நரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறது.

எங்கள் பையனுக்கு அன்றிரவு எட்டரைக்கு மருந்து கொடுத்தார்கள். ஒன்பதரைக்கு அதே அட்டையைக் கேட்டு வாங்கி, இரண்டாவது முகத்தைக் காட்டினான். அப்புறம் அந்த பிஸ்கட்டைப் பாலில் நனைத்துத் தரச் சொல்லிச் சாப்பிட்டான்.