பத்து மாதத்தில் சோற்றுக்கைப் பழக்கமா?

“எங்கள் வீட்டில் யாருக்கும் நொட்டாங்கைப் பழக்கம் கிடையாது. இவனும் எதைக் கொடுத்தாலும் வலது கையால்தான் வாங்குவான்” என்றார் பாட்டி, பெருமை பொங்க. பேரனுக்குப் பத்து மாதம். இன்னும் தவழவில்லை என்று அழைத்து வந்திருந்தார்கள்.

கிலுகிலுப்பையை அவனது இடது தோளருகே நீட்டினேன். இடது கை அசையவில்லை. உடம்பையே திருப்பி, வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து பிடுங்கிக்கொண்டான். இடது கை, கட்டைவிரலை உள்ளே மடக்கிய முஷ்டியாகவே கிடந்தது.

ஒரு வயது வரை குழந்தை இரண்டு கைகளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நீட்ட வேண்டும். எந்தக் கைப்பழக்கம் என்பது தெளிய இரண்டு வயதாவது ஆகும். சிலருக்கு நான்கு வயதுகூட ஆகலாம். அதற்கு வெகு முன்பே ஒரே கையை நம்பியிருந்தால், மறு கைக்கு என்ன ஆயிற்று என்றுதான் இயன்முறை மருத்துவரான நான் பார்ப்பேன். மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத் தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறுகின்றன. அதனால் இடது கை சோர்ந்திருந்தால் வலது மூளையைச் சந்தேகிக்க வேண்டும். கருவிலோ பிறந்த சமயத்திலோ பக்கவாதம் வந்திருக்கலாம். ஆம், பச்சைக் குழந்தைக்கும் வரும். உடனே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். ஸ்கேன் என் சந்தேகத்தை உறுதி செய்தது.

“வலது கைதான் நன்றாக இருக்கிறதே டாக்டர், சாப்பிட, எழுத அது போதாதா?” என்று அப்பா கேட்டார். தேங்காய் உடைப்பதை நினைத்துப் பாருங்கள் என்றேன். அரிவாள் போகும் பாதையை வலது கை கணக்கிடுகிறது. அடி விழும் கணத்தில் காய் நழுவாமல் இறுக்கிப் பிடிப்பது இடது கை. வலக்கைக்காரர்களின் இடது கையை மட்டமாக நினைக்கிறோம். ஒன்றை அசையாமல் நிறுத்திவைப்பதில் அது கெட்டிக்காரக் கை. (பிறவியிலேயே இடக்கைக்காரக் குழந்தையைத் தட்டித் திருத்தும் வீடுகளைப் பற்றி இன்னொரு நாள் கோபப்படுகிறேன்.)

வலது கைக்குத் துணியுறை மாட்டி, தினமும் சிறிது நேரம் இடது கையை மட்டும் விளையாடவிட்டோம். முதல் வாரம் அவன் அழுதான், அம்மாவும் அழுதார். ஒன்றரை வயதில் இடது கையால் கிண்ணத்தை அணைத்துப் பிடித்து, வலது கையால் அதிலிருந்த பொரியை அள்ளி என் மேல் வீசினான்.