முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?

ரயில் நிலையத்தில் இறங்கினால் என் கிளினிக் அரை கிலோமீட்டர்கூட இருக்காது. அந்தத் தூரத்துக்குள் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் அந்தப் பெரியவர் வந்து சேர்ந்தார். வயது 68. கூட வந்த மனைவி கையில் ஒரு துணிப்பை, அது நிறைய ஏழு வருஷத்து மருந்துச் சீட்டுகள். இரண்டு தடவை, ஆறாறு மாதம், டிபி மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். சளியில் கிருமி இருந்ததாக ஒரு ரிப்போர்ட்கூட இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலின் மேல்பக்கமும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அதை வைத்தே மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

"எந்த ஊருங்கய்யா?"

"கேஜிஎஃப் டாக்டர்."

"மைன்ஸ்ல இருந்தீங்களா?"

"இருபத்திரண்டு வருஷம். அண்டர்கிரவுண்டு. பாறையில துளை போடுற வேலை."

அத்தனை சீட்டுகளையும் புரட்டிப் பார்த்தேன். இந்த ஒரு வரி எதிலும் இல்லை. ஏழு வருஷமாக அவரிடம் யாருமே கேட்கவில்லை.

கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயல் பெங்களூரிலிருந்து கிழக்கே 100 கிலோமீட்டர். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி அங்கே வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து நிலமில்லாத குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தன; பெரும்பாலும் தலித் மக்கள், பெரும்பாலும் தமிழர்கள். ஊரில் வாங்க முடியாத கூலியும் கிடைக்காத மரியாதையும் அங்கே கொஞ்சமாவது கிடைத்தது. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வீடு, தண்ணீர், கரண்ட், ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனியோடதுதான். சங்கு ஊதினால் ஊர் எழுந்தது, சங்கு ஊதினால் ஊர் சோறு தின்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. 120 வருஷத்தில் எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன்.

ஆழம் போகப்போகத் தங்கம் குறைந்தது. ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த இடத்தில், கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. அவ்வளவு ஆழத்தில் காற்று அனுப்பி, தண்ணீரை இறைத்து, ஆளை இறக்கி ஏற்றும் செலவுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் அன்று மிச்சமிருந்தவர்கள் சில ஆயிரம் பேர். அடுத்த தலைமுறை மாரிகுப்பத்தில் விடிகாலை ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூருக்கு வந்து, இருட்டியபிறகு வீடு திரும்ப ஆரம்பித்தது. இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பலர் எழுதியது. நுரையீரல் டாக்டராக நான் பார்ப்பது இதற்குப் பிறகு நடப்பதை. தொழில் ஒரே நாளில் நின்றுவிடலாம். அந்தத் தொழில் கொடுத்த நோய் அதோடு நிற்காது.

பாறையைத் துளைக்கும்போது வரும் தூசியில், மணலிலும் இருக்கிற சிலிகா என்ற தாது இருக்கிறது. நோய் தருவது கண்ணுக்குத் தெரிகிற தூசி அல்ல, தலைமுடி தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள். அது இருமலில் வெளியே வராது, நுரையீரலின் கடைசி அறைவரை போய் உட்கார்ந்துவிடும். உடம்பு அதைக் கரைக்கப் பார்க்கும், முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டும். தழும்பு கூடக்கூட மூச்சுக்கு இடம் குறையும். இதுதான் சிலிகோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1947இல், கோலார் தங்கவயலில்தான் என்று எம்பிபிஎஸ் பாடத்திலேயே படிக்கிறோம். பரீட்சைக்குப் படித்ததை, அந்த ஊர்க்காரரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மறந்துவிடுகிறோம்.

வேலையை விட்டபிறகும் இது வளரும். பத்து, இருபது வருஷம் கழித்து மூச்சிரைப்பு ஆரம்பிக்கலாம். தழும்பை அழிக்கிற மருந்து கிடையாது. இன்னொரு சிக்கல், சிலிகா படிந்த நுரையீரலில் டிபி சுலபமாகப் பிடிக்கும். எக்ஸ்ரேயில் இரண்டும் மேல்பகுதியில்தான் தெரியும், ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். அதனால் "எனக்கு டிபி இல்லை, சிலிகோசிஸ்தான்" என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சளியைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த நாளில் தொழிலாளர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது சட்டம். எடுத்த படம் கம்பெனி ஆஸ்பத்திரியில் இருக்கும். யார் எந்த இடத்தில் எத்தனை வருஷம் தூசியில் நின்றார் என்பதும் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சுரங்கத்தை மூடியபோது ஆஸ்பத்திரியும் போனது. அப்புறம் நோயாளி எங்கே போனாலும் புது நோயாளிதான். ஒரே தொழிலை நம்பியிருந்த ஊரில் வேலை போவதோடு உங்கள் உடம்பைப் பற்றித் தெரிந்து வைத்திருந்த ஒரே இடமும் போய்விடுகிறது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

பெரியவரிடம், பழைய படம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை. மனைவிதான், "டிரங்குப் பெட்டி அடியில ஒண்ணு கெடக்குது" என்றார். அடுத்த வாரம் கொண்டுவந்தார்கள். பழுப்புக் கவர், ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. 1996இல் எடுத்த படம். விளக்குப் பெட்டியில் புதுப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அதே இடங்களில் அதே புள்ளிகள், அன்றைக்குக் கடுகளவு. நெஞ்சின் நடுவே இருக்கும் நெறிக்கட்டிகளைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு. இது சிலிகோசிஸ் என்று ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. சளியில் டிபி இல்லை என்றும் உறுதியானது. இனி மூன்றாவது தடவை அந்த மாத்திரையைத் தொட வேண்டியதில்லை.

ஆகவே கோலார்க்காரர்களுக்கு மட்டும் இல்லாமல், கல்குவாரி, கிரஷர், கண்ணாடி, இரும்பு வார்ப்பு ஆலை என்று தூசியில் நின்ற எல்லோருக்கும் சொல்கிறேன். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள்: என்ன வேலை, எத்தனை வருஷம், தண்ணீர் விட்டுச் செய்ததா, வறட்டுத் தூசியா. பழைய எக்ஸ்ரே, சர்வீஸ் சர்டிபிகேட், பிஎஃப் சீட்டு, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். சிலிகோசிஸ் சட்டப்படி தொழில்நோய், இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. ஆனால் அந்தத் தூசியில் நின்றீர்கள் என்று காட்டக் காகிதம் வேண்டும். ராஜஸ்தானில் 2019இலேயே இதற்கென்று தனிக் கொள்கை வந்து, நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். மற்ற மாநிலங்களும் செய்ய வேண்டும். பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள். சளிக்காய்ச்சல், நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் ஊரில் ஆலையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தாலே, செட்டில்மென்ட் பணத்தோடு மருத்துவப் பதிவின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். அப்போது கேட்டால் கிடைக்கும், பிறகு கேட்க அங்கே ஆள் இருக்காது.

கிளம்பும்போது பெரியவரிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். ஒரே பையன், தினமும் ரயிலில் பெங்களூர் வருகிறானாம். என்ன வேலை? "சமையல்கட்டு மேடைக்குக் கல்லு வெட்டிப் பாலீஷ் போடுற எடத்துல."

சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிகா இருப்பதும் உண்டு. ஆஸ்திரேலியா 2024இல் அதைத் தடையே செய்துவிட்டது. பையனுக்கு அங்கேயே போன் போட்டேன். பின்னால் கட்டர் சத்தம். தண்ணீர் விட்டு வெட்டுகிறீர்களா என்று கேட்டேன். "தரை நாசமாகுதுன்னு ஓனர் வேண்டாம்னுட்டாரு சார்" என்றான். வயது 34. எட்டு வருஷமாக அந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருக்கிறேன்.