சுருளும் ஓரத்துக்கு பார்டர் மருந்தல்ல

மறுபடியும் ஊசியால் பின்னிய ஒரு குழந்தைப் போர்வை பழுது பார்க்க வந்திருக்கிறது. நடுப்பகுதி முழுக்க ஸ்டாக்கினெட் என்னும் சாதாரணப் பின்னல், ஒரு கண்ணிகூடத் தப்பாத சீரான கை. சுற்றிலும் ஒரே வரிசை குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்), அதன்மேல் கிளிஞ்சல் கிளிஞ்சலாக லேஸ். தரையில் விரித்தால் நாலு பக்கமும் பாய் மாதிரி சுருண்டுகொள்கிறது. சுருளும்போது அந்த அழகான லேஸையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. கூடவே வரும் கேள்வியும் எப்போதும் அதேதான்: "இன்னும் ஒரு வரிசை சேர்த்தா நேராயிடுமா?"

ஆகாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார். ஸ்டாக்கினெட் சுருள்வது உங்கள் கையின் குற்றம் அல்ல. அந்தத் துணியின் பிறவிக்குணம். முகப்பக்கம் முழுக்க நிட் (வழவழப்பான V வடிவக் கண்ணி), பின்பக்கம் முழுக்க பர்ல் (மேடாகத் தெரியும் கண்ணி) என்று இருக்கும்வரை மேல் ஓரமும் கீழ் ஓரமும் முகப்பக்கமாக மடியும், இரண்டு பக்கவாட்டு ஓரங்களும் பின்பக்கமாக மடியும். இறுக்கிப் பின்னினாலும் மடியும், தளர்த்திப் பின்னினாலும் மடியும். நிட்டும் பர்லும் சமமாகக் கலந்த கார்டர் (முகப்பக்கத்தில் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல்), மோஸ் (கண்ணிக்குக் கண்ணி மாறிமாறி), ரிப் (செங்குத்துக் கோடுகளாக) போன்றவைதான் தானாகத் தட்டையாகக் கிடக்கும்.

பார்டர் என்பது சுருளின் மேல் வைக்கும் கல் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. கனத்தால் அது எதையும் அமுக்குவதில்லை. தட்டையாகக் கிடக்கும் துணி போதிய அகலத்துக்கு அங்கே இருந்தால் சுருள் அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும், அவ்வளவுதான். இரண்டு கண்ணி கார்டர் போட்டால் அது கீல் வைத்த கதவு போல அப்படியே மடங்கித் திரும்பும். 4 மி.மீ. ஊசியில் நடுத்தரக் கனமுள்ள நூல் என்றால் பக்கவாட்டில் குறைந்தது 5, 6 கண்ணி. மேலும் கீழும் குறைந்தது 8 வரிசை. போர்வை அளவுக்குப் பெரிய துணிக்கு 4 செ.மீ. அகலம் வேண்டும். லேஸ் அதற்கும் வெளியே வருவது. லேஸ் ஒருநாளும் தாங்குசுவர் ஆகாது.

அடுத்த யோசனை இஸ்திரிப் பெட்டி. தயவுசெய்து வேண்டாம். கடையில் 'உல்லன்' என்று கேட்டு வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக். சூடான பெட்டியை அதன்மேல் அழுத்தினால் இழை இளகி, துணி துவண்டு வழவழத்துப் போகும். சுருள் போகும்தான், ஆனால் துணியின் உயிரும் கூடவே போகும், பிறகு திரும்பாது. சந்தேகம் இருந்தால் ஒரு சாண் நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக். அந்த மணி ஆறும்வரை தொடாதீர்கள். அக்ரிலிக்குக்கு நீராவி மட்டும், அதுவும் பெட்டியைத் துணியில் படாமல் 2, 3 செ.மீ. உயரத்தில் பிடித்து, முதலில் மாதிரித் துண்டில். ரிப்புக்கு அதுவும் கூடாது. கம்பளியை வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, ஊசி குத்தி விரித்து முழுக்க உலரவிடலாம். ஆனால் பார்டர் இல்லாத ஸ்டாக்கினெட் அதன் பிறகும் மெல்ல மெல்லச் சுருளத்தான் செய்யும்.

இனி கணக்கு. பழுதுக்கு வரும் பார்டர்கள் பலவும் கெடுவது இங்கேதான்.

கண்ணியின் அகலமும் உயரமும் ஒன்றல்ல. ஸ்டாக்கினெட்டில் கண்ணி அகலம் கூடியது, உயரம் குறைந்தது. அதனால் பக்கவாட்டு ஓரத்திலிருந்து பார்டருக்குப் புதுக் கண்ணிகளை ஊசியில் எடுக்கும்போது நாலு வரிசைக்கு மூன்று கண்ணிதான் எடுக்க வேண்டும்: மூன்று எடு, ஒன்று விடு. கார்டர் துணியில் இரண்டு வரிசைக்கு ஒன்று, அதாவது ஒரு வரப்புக்கு ஒரு கண்ணி. கண்ணி ஏற்றித் தொடங்கிய ஓரத்திலும் பின்னலை முடித்த ஓரத்திலும் ஒன்றுக்கு ஒன்று. ஸ்வெட்டரின் முன்பக்கம் 120 வரிசை என்றால் பட்டன் பட்டிக்கு 90 கண்ணி. "ஒரு வரிசையும் விடாமல் எடுத்தேன்" என்று 120 எடுத்தால் பட்டி பாவாடைக் கொசுவம் போல நெளியும். 60 எடுத்தால் முன்பக்கம் மேலேறி, ஸ்வெட்டர் வாய் பிளந்து நிற்கும். பட்டிக்கு ஊசியும் அரை மி.மீ. சிறியதாக இருக்கட்டும்.

இன்னொன்று: வரிசையின் முதல் கண்ணியைப் பின்னாமல் நழுவவிடும் பழக்கம் சால்வைக்கு நல்லது. பின்னால் கண்ணி எடுக்கப்போகும் ஓரத்துக்கு வேண்டாம். இரண்டு வரிசைக்கு ஒரு சங்கிலிதான் கிடைக்கும். நமக்கு வேண்டியது நாலுக்கு மூன்று. மீதியை இழுத்துப் பிடுங்கி எடுத்தால் ஓட்டை விழும்.

உடலோடு சேர்த்தே கார்டர் பார்டர் பின்னுகிறவர்களுக்கு வேறு தொல்லை. அதே எண்ணிக்கை வரிசையில் கார்டர் ஸ்டாக்கினெட்டை விடக் குட்டையாக நிற்கும், ஓரம் மேலே இழுக்கும். எட்டு வரிசைக்கு ஒருமுறை பார்டர் கண்ணிகளில் மட்டும் போய்த் திரும்பி இரண்டு வரிசை கூடுதலாகப் பின்னுங்கள். போதவில்லை என்றால் ஆறு வரிசைக்கு ஒருமுறை. அதை மாதிரித் துண்டு சொல்லிவிடும்.

லேஸ் பார்டரை உடலோடு இணைத்துக்கொண்டே பின்னும் முறைதான் அழகிலும் உழைப்பிலும் உச்சம். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்டுத் தீவுகளில், மோதிரத்துக்குள் நுழையும் அளவு மெல்லிய சால்வை பின்னுகிறவர்கள் மரபாக வெளி ஓரத்து லேஸை முதலில் பின்னி, அதிலிருந்து கண்ணி எடுத்து உள்நோக்கிப் போவார்கள். அங்கே ஓரம் வேலையின் தொடக்கம். நாமோ நடுவை முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் நூலைப் பார்த்து ஓரத்தை யோசிக்கிறோம்!

நடுவை முடித்துத்தான் லேஸ் போடுவேன் என்றால் கண்ணிகளை முடிக்காமல் ஊசியிலேயே வைத்திருங்கள். லேஸின் இரண்டு வரிசைக்கு ஒருமுறை அதன் கடைசிக் கண்ணியோடு உடலின் ஒரு கண்ணியைச் சேர்த்துப் பின்ன வேண்டும். 12 வரிசை கொண்ட ஒரு பூ (லேஸ் வடிவம் ஒருமுறை முழுதாக வருவது), உடலில் 6 கண்ணியைத் தின்னும். சதுரச் சால்வையில் பக்கத்துக்கு 60 வீதம் 240 கண்ணி இருந்தால் 40 பூ. மூலையில் அப்படியே திரும்பினால் லேஸ் கிண்ணம் போல் குவியும். மூலையின் இருபுறமும் மும்மூன்று கண்ணியை இரண்டு தடவை இணைத்தால் மூலைக்கு ஒரு பூ கூடுதலாக வரும், ஓரம் விரிந்து படுக்கும். ஆக மொத்தம் 44 பூ.

தொடங்குமுன் நூலை எடை போடுங்கள். ஒரு பூ முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். பூவுக்கு ஒன்றரை கிராம் என்றால் 66 கிராம் வேண்டும். கையில் ஒரே ஒரு 50 கிராம் பந்து இருந்தால் நாலாவது பக்கத்தில் நின்றுபோகும். பிறகு கடையில் கிடைக்கும் அதே நிறம், வேறு சாயத் தொகுதியாக இருந்தால் பகலில் தனியாகத் தெரியும்.

முடிக்கும்போது இறுக்காதீர்கள். கழுத்தில் இறுக்கி முடித்த ஸ்வெட்டர் குழந்தையின் தலையில் நுழையாது. ஒரு அளவு பெரிய ஊசியால் முடியுங்கள். ரிப்பை ரிப்பாகவே, நிட்டை நிட்டாகவும் பர்லை பர்லாகவும் முடியுங்கள்.

குழந்தைக்குப் பின்னுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கழுத்தில் ரிப்பன் கோத்த ஓரம், தொப்பியில் தொங்கும் கயிறு, குஞ்சம், மணி எதுவும் வேண்டாம். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே குழந்தை உடைகளின் கழுத்து, தலைமூடிப் பகுதியில் இழுகயிறு கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. கயிறு எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கி உயிர் போயிருக்கிறது. கையுறை, காலுறைகளுக்குப் பெரிய ஓட்டை லேஸ் வேண்டவே வேண்டாம், பிஞ்சு விரல் அதில் மாட்டும். உட்பக்கம் தளர்ந்த ஒற்றை நூல் விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டமே நிற்கும். குழந்தைக்கு அழத்தான் தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. நூல் முனைகளை முடிச்சோடு விடாமல் துணிக்குள் கோத்து மறையுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, விரலால் தடவிப் பார்த்த பிறகு போட்டுவிடுங்கள்.

வந்திருக்கும் போர்வைக்கு வருவோம். 120 கண்ணி, 160 வரிசை. லேஸையும் குரோஷாவையும் பிரித்தாயிற்று. மேலும் கீழும் ஒன்றுக்கு ஒன்றாக 120, பக்கவாட்டில் நாலுக்கு மூன்றாக 120, மூலைக்கு ஒன்று, மொத்தம் 484 கண்ணி நீளமான வட்ட ஊசியில். ஒரு சுற்று பர்ல், ஒரு சுற்று நிட் என்று 20 சுற்று. நிட் சுற்றில் மட்டும் மூலைக் கண்ணியின் இருபுறமும் ஒவ்வொன்று கூட்ட வேண்டும். முடிவில் 564 கண்ணி, நாலு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான கார்டர். பிரித்த லேஸ் நூலை ஈரப்படுத்தி நேராக்கிச் சிட்டமாகத் தொங்கவிட்டிருக்கிறது. கார்டர் முடிந்ததும் கிளிஞ்சல்கள் அதன்மேல் ஏறும்.